மறைந்த ஆணியும் மரத்தின் இயல்பும்

கற்சுவரின் உட்புறத்தை மெல்லிய மரப்பலகைகளால் மூடி அணிசெய்யும் வழக்கம் ஐரோப்பாவின் குளிர்நாடுகளிலே பெரிதும் வளர்ந்ததொன்றாகும். கல்லின் தண்மை அறையினுள்ளே தாக்காவண்ணம் காத்தல் அதன் பயன்களுள் ஒன்று, அழகு மற்றொன்று. இன்று அவ்வழக்கம் உலகின் பல பாகங்களிலும் பரவி, நூல்நிலையங்களிலும் மன்றங்களிலும் அலுவலகங்களிலும் இல்லங்களிலும் காணப்படுகின்றது. நன்கு அமைந்த மரச்சுவரொன்றை நோக்குவார்க்கு இயல்பாகவே ஒரு வினா எழும். பலகைகளைச் சுவரோடு பிணித்த ஆணிகள் எங்கே? ஓர் ஆணித்தலையேனும் கண்ணுக்குப் புலப்படாதிருக்க, அப்பலகைகள் எவ்வாறு நிற்கின்றன?

ஆணியை மறைத்தல் கண்ணுக்கு இனிமை பயத்தற்பொருட்டே என்பது பலரது எண்ணம். அஃது உண்மையின் ஒரு பாதியே. மற்றைப் பாதி மரத்தின் இயல்பிலே தங்கியுள்ளது. வெட்டி, அறுத்து, சீவி, மெருகிட்ட பின்னரும் மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் அசைந்துகொண்டேயிருக்கும். அவ்வசைவுக்கு இடங்கொடுக்கும் பிணிப்பு நிலைக்கும். இடங்கொடாத பிணிப்புப் பலகையைப் பிளக்கும். மறைபிணிப்பு முறைகளுட் சிறந்தவை இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டவை. அம்முறைகளையும், அவற்றைக் கையாளுமாற்றையும், மெருகிடும்போது கொள்ளவேண்டிய காவலையும் முறையே நோக்குவாம்.

மரம் அசையுமாறு

மரம் நுண்ணிய குழாய் போன்ற கலங்களாலாயது. உயிருள்ள மரத்திலே அக்கலங்களின் உள்ளிடத்திலும் அவற்றின் சுவர்களிலும் நீர் உண்டு. வெட்டிய மரம் உலரும்போது உள்ளிடத்து நீரே முதலில் நீங்கும். அதனால் மரத்தின் நிறை குறையுமேயன்றி அளவு குறையாது. உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறக்குறைய 30 வீதம் என்னும் அளவுக்கு நீர் குறைந்த பின்னர், கலச்சுவரினுள்ளே பிணிப்புண்டிருந்த நீர் நீங்கத் தொடங்கும். சுருக்கம் தொடங்குவதும் அப்பொழுதே.

மரம் முற்றாக உலர்ந்து ஓய்ந்துவிடுவதில்லை. சூழவுள்ள காற்றிலிருந்து நீரைப் பெற்றும் காற்றுக்கு நீரை இழந்தும் அது ஒரு சமநிலையை நாடும். சாதாரண அறை வெப்பநிலையிலே காற்றின் சாரீரப்பதன் 80 வீதமாயின் மரத்தின் ஈரளவு ஏறக்குறைய 16 வீதத்தில் நிற்கும். சாரீரப்பதன் 65 வீதமாயின் ஈரளவு 12 வீதம். 50 வீதமாயின் 9 வீதம். 30 வீதமாயின் 6 வீதம். குளிர்நாட்டு வீடுகளிலே மாரிகாலத்தில் அறையைச் சூடேற்றும்போது காற்று மிக வறண்டுபோகும்; ஆங்குள்ள மரம் சுருங்கும். எமது நாட்டிலும் திறந்த சாளரங்களையுடைய மண்டபத்தைக் குளிரூட்டி பொருத்திய மண்டபமாக மாற்றினால், அங்குள்ள மரவேலை தனக்குப் பழக்கமற்ற வறட்சிக்கு உட்படும்.

இச்சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒத்ததன்று. அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் ஆண்டு வளையங்கள் தோன்றும். நடுவிலிருந்து புறம் நோக்கிச் செல்வது ஆரைத்திசை. வளையத்தை ஒட்டிச் செல்வது தொடலித்திசை. மரத்தின் நெடுமைவழிச் செல்வது நார்த்திசை. ஈரமான மரம் முற்றாக உலரும்போது நார்த்திசையில் ஏற்படும் சுருக்கம் பெரும்பாலும் 0.1 முதல் 0.2 வீதமே; அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மற்றை இரு திசைகளிலும் நிலைமை வேறு. தேக்கு ஆரைத்திசையில் ஏறக்குறைய 2.5 வீதமும் தொடலித்திசையில் 5.8 வீதமும் சுருங்கும். அமெரிக்க வெள்ளை ஓக்கு மரத்துக்கு அவ்வளவுகள் 5.6 வீதமும் 10.5 வீதமுமாம். தேக்கு ஏன் தச்சருக்கு உவப்பான மரமாயிற்று என்பதற்கு இவ்வெண்களே ஒரு காரணத்தைக் காட்டிவிடுகின்றன.

இதன் பயனை ஒரு கணக்கினால் அறியலாம். அமெரிக்கச் செவ்வோக்கு தொடலித்திசையில் 8.6 வீதம் சுருங்கும். இம்மரத்தின் 100 மில்லிமீற்றர் அகலமான பலகையொன்றின் ஈரளவு 12 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைகின்றதெனக் கொள்வோம். பலகையின் அகலம் தொடலித்திசையில் அமைந்திருப்பின், 8.6 வீதச் சுருக்கத்தில் முப்பதில் நான்கு பங்கு நிகழும். அஃதாவது பலகை ஏறக்குறைய 1.1 மில்லிமீற்றர் குறையும். ஒரு பலகைக்கு இது சிறிது. ஆனால் 4 மீற்றர் நீளமான சுவரிலே அத்தகைய பலகைகள் நாற்பது நிற்கும். அவையனைத்தையும் ஒன்றோடொன்று பசையிட்டு ஒரே தட்டாக்கியிருந்தால் மொத்தச் சுருக்கம் ஏறக்குறைய 46 மில்லிமீற்றர் ஆகும். இரு முனையும் சுவரோடு இறுகிய தட்டு அவ்வளவு சுருங்க இயலாது. ஆதலின் அது பிளக்கும். விரியும் காலத்தில் அதுவே நடுவிலே புடைத்தெழும்.

ஒரு பலகையின் இரு விளிம்புகளையும் ஆணியால் இறுக்குவோர் இத்தவற்றையே சிறிய அளவிற் செய்கின்றனர். பலகை சுருங்கும்போது இரு ஆணிகளும் விட்டுக்கொடா. நடுவிலே வெடிப்புத் தோன்றும். ஒரு விளிம்பை மட்டும் பிணித்து மற்றை விளிம்பைத் தாங்கலாக விட்டால் பலகை தன் விருப்பப்படி சுருங்கி விரியும். மறைபிணிப்பின் சூத்திரம் இதுவே.

பழைய தச்சர் கண்ட வழி

இங்கிலாந்திலே பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டுகளில் ஓக்கு மரச்சுவர்கள் பெருவழக்காயின. அவற்றிற்கு வேண்டிய சிறந்த பலகைகள் பால்ட்டிக்குக் கடற்கரை நாடுகளிலிருந்து கப்பல்வழி வந்தன. ஆரைவழியே பிளந்தெடுத்த அல்லது அறுத்தெடுத்த பலகைகளே விரும்பப்பட்டன. ஆரைவழிப் பலகையின் அகலம் ஆரைத்திசையில் அமைவதால் அதன் அசைவு ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பதை மேற்காட்டிய எண்களால் நாம் அறிகின்றோம். அக்காலத் தச்சர் எண்களை அறியாதிருந்தும் அனுபவத்தால் அதனை அறிந்திருந்தனர்.

அவர்கள் கையாண்ட அமைப்புச் சட்டமும் உட்பலகையுமாம். நிலைச்சட்டங்களையும் குறுக்குச்சட்டங்களையும் கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, மரமுளையால் இறுக்கினர். சட்டங்களின் உள்விளிம்பிலே தவாளிப்பு வெட்டப்பட்டது. மெல்லிய உட்பலகையின் ஓரங்கள் சீவி மெலிவாக்கப்பட்டு அத்தவாளிப்பினுள்ளே செருகப்பட்டன. அங்கே பசையுமில்லை, ஆணியுமில்லை. உட்பலகை தவாளிப்பினுள்ளே விரிந்து சுருங்கும். சட்டம் தன் நெடுமையில் அசையாது நிற்கும். டார்பிசயர் மாகாணத்து ஹடன் மாளிகையின் நெடுங்கூடத்திலே ஓக்கு மரச்சுவர் இன்றும் நின்று இம்முறையின் உறுதிக்குச் சான்று பகர்கின்றது. மடித்த துணிபோலத் தோன்றும் செதுக்கலை உட்பலகைகளிற் செய்வதும் அந்நூற்றாண்டுகளின் வழக்கமே.

ஆணி மறையும் வழிகள்

இக்காலத்திலே மெல்லிய பலகைகளைப் பொருத்துவதற்கு வழங்கும் மறைபிணிப்பு முறைகளுள் நான்கினை அறிந்துகொள்ளுதல் போதுமானது.

முதலாவது, நாக்கும் தவாளிப்பும். பலகையின் ஒரு விளிம்பிலே நாக்கும் மற்றதிலே தவாளிப்பும் இருக்கும். நாக்குப் பலகையுடலோடு கூடும் மூலையிலே ஆணியைச் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில், பின்னுள்ள சலாகையினுள் அறைதல் வேண்டும். அடுத்த பலகையின் தவாளிப்பு அந்நாக்கின்மேல் வந்து பொருந்த ஆணி மறையும். ஒவ்வொரு பலகையும் ஒரு விளிம்பிலேயே ஆணிகொள்ளும். மற்றை விளிம்பு அயற்பலகையின் நாக்கினாற் தாங்கப்பட்டு, அசையவும் இயலும். அழகும் அசைவும் ஒரே ஆணியால் நிறைவேறுவதை இங்கே காணலாம்.

இரண்டாவது, சாய்வெட்டுச் சலாகை. ஒரு சலாகையை நெடுமைவழியே 45 பாகைச் சாய்விற் பிளந்தால் ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு சலாகைகள் கிடைக்கும். ஒன்றைச் சாய்ந்த முகம் மேலாகவும், உயர்ந்த விளிம்பு சுவருக்கு அப்பாலாகவும் சுவரிலே திருகாணியால் இறுக்குக. அப்போது சுவருக்கும் சலாகைக்குமிடையே ஒரு பள்ளம் உண்டாகும். மற்றதைத் தலைகீழாகத் தட்டின் பின்புறத்திற் பொருத்துக. தட்டை உயர்த்தி இறக்கினால் இரண்டும் கொளுவிக்கொள்ளும். தட்டின் பாரமே அதனைச் சுவரோடு நெருக்கி வைத்திருக்கும். மீண்டும் உயர்த்தினால் தட்டு கழன்றுவிடும். இவ்வேலையையே மடித்த உலோகப் பட்டிகளும் செய்கின்றன.

மூன்றாவது, மரமுளையால் மூடுதல். திருகாணித் தலை அமிழுமாறு பள்ளமிட்டு, அதன்மேல் அதே மரத்தின் சிறு முளையை நார் ஒத்திருக்குமாறு பசையிட்டுச் சீவிவிடின் பிணிப்புத் தோன்றாது. மறைக்கும் முளையையே அணியாக்குவதும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் பசடீனா நகரிலே 1908 ஆம் ஆண்டிற் கட்டத்தொடங்கிய கம்பிள் இல்லத்தில், கிரீன் சகோதரர் என்னும் கட்டடக் கலைஞர் தேக்கு மரவேலையின் திருகாணிகளைச் சதுரமான கருங்காலி முளைகளால் மூடினர். கண்டோர் அவற்றை ஆபரணமென்றே கொள்வர்.

நான்காவது, பசை. மெல்லிய ஒட்டுப்பலகைத் தாள்களுக்கே இது பொருந்தும். ஒட்டுப்பலகையிலே ஓரடுக்கின் நாருக்கு அடுத்த அடுக்கின் நார் குறுக்காக அமைவதால் அடுக்குகள் ஒன்றையொன்று தடுக்கின்றன. ஆகவே அதன் அசைவு மிகக் குறைவு. 4 அடி அகலமும் 8 அடி உயரமுமான இத்தகைய தாள்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் அமெரிக்க வீடுகளிலே மிகுதியாக இடம்பெற்றன. அவற்றின் முகத்திலுள்ள தவாளிப்புக்கள் 16 அங்குல இடைவெளியுடைய சுவர்ச்சட்டங்களுக்கு நேராக வருமாறு அமைக்கப்பட்டன. மெல்லிய ஆணிகள் அத்தவாளிப்பின் நிழலிலே மறைந்தன. பசையின் குறையொன்றுண்டு. ஒட்டிய தாளைப் பழுதின்றிக் கழற்றுதல் அரிது.

பொருத்துமாறு

பலகைகளை வாங்கியவுடன் சுவரில் அறைதல் தகாது. அவை நிற்கப்போகும் அறையிலேயே, ஒவ்வொரு வரிசைக்கும் இடையே சிறு குச்சிகளை வைத்து, காற்றோட்டம் உண்டாக அடுக்கிச் சில நாட்கள் விடுதல் வேண்டும். அறைக் காற்றோடு அவை சமநிலை கொண்ட பின்னரே வேலை தொடங்கத்தக்கது. சுவரிற் சாந்து ஈரமாயிருப்பின், அல்லது மழைநீர் கசிவதாயின், அக்குறையை முதலில் நீக்குக. பலகையால் மூடிய கசிவு கண்ணுக்கு மறையுமேயன்றி நீங்காது.

அடுத்து, சுவரிலே சலாகைகளைப் பொருத்துக. 25 மில்லிமீற்றர் தடிப்பும் 50 மில்லிமீற்றர் அகலமுமுடைய சலாகைகள் 400 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்பது தக்கது. பலகைகள் நிலைக்குத்தாக நிற்குமாயின் சலாகைகள் கிடையாக வரும். மேடுபள்ளமான சுவரிலே சலாகையின் பின்னே சிறு ஆப்புக்களைச் செருகி எல்லாவற்றையும் ஒரே தளத்திற் கொணர்க. சலாகைகளால் உண்டாகும் வெளி, பலகையின் பின்புறத்திலே காற்றுலவுதற்கு உதவும். மின்னாளியோ மின்செருகியோ உள்ள இடத்தில் அதன் பெட்டியைப் பலகையின் முகமட்டத்துக்கு முன்கொணர்தல் கட்டாயம். அதனைத் தகுதிபெற்ற மின்வினைஞரிடமே விடுக.

முதற்பலகை ஒரு மூலையிலே நிற்கும். தூக்குக்குண்டினால் அதன் நிலைக்குத்தைச் சோதித்த பின்னரே ஆணி அறைக. முதற்பலகை சிறிது சாய்ந்தாலும் அச்சாய்வு சுவர் முழுவதும் தொடரும். மூலையை அடுத்த விளிம்பிலே அதனை நேராக அறையலாம்; மூலைச்சட்டம் அவ்வாணிகளை மூடிக்கொள்ளும். பின்னர் வரும் பலகைகள் நாக்கிலே மட்டும் ஆணிகொள்ளும். மெல்லிய நாக்கு எளிதிற் பிளக்குமாதலால் ஆணியிலும் சற்றே சிறிய துளையை முன்னர் இடுக. சுத்தியல் பலகையிற் படாதிருக்க, நுனி மழுங்கிய இரும்புக்குச்சியொன்றை ஆணித்தலைமேல் வைத்துத் தட்டி இறுதி அளவை உட்செலுத்துக.

நாக்கினைத் தவாளிப்பினுள் எவ்வளவு இறுக்குவது? இதற்கு விடை பருவத்தைப் பொறுத்தது. ஈரமான பருவத்திலே பலகை விரிந்து நிற்கும். அப்போது நெருக்கிப் பொருத்தலாம். வறண்ட பருவத்திலே அது சுருங்கி நிற்கும். அப்போது ஒவ்வொரு பொருத்திலும் ஒரு மில்லிமீற்றர் அளவு இடம் விடுதல் நன்று. நிலத்தோடும் கூரைத்தட்டோடும் மூலைகளோடும் பலகைகள் முட்டாதிருக்க ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். அவ்விடைவெளிகளை அடிப்பலகையும் மேற்சட்டமும் மூலைச்சட்டங்களும் மூடும். அவற்றைப் பின்னுள்ள சலாகையில் அறைக. பலகையோடு சேர்த்து அறைந்தால் விட்ட இடம் பயனற்றதாகும்.

வெப்பநாடுகளில் வாழும் நமக்கு மற்றுமொரு கவலை உண்டு. சுவருக்கும் பலகைக்கும் இடையேயுள்ள இருண்ட வெளி கறையானுக்கு உவப்பான பாதை. சலாகைகளுக்குக் காப்பு மருந்தேற்றிய மரத்தையே கொள்வதும், மரம் நிலத்தைத் தொடாதிருக்கச் செய்வதும் வேண்டற்பாலன. கழற்றக்கூடிய சாய்வெட்டுச் சலாகை முறையின் பெருமை இங்கேதான் விளங்குகின்றது. ஐயம் தோன்றியபோது தட்டைக் கழற்றிப் பின்புறத்தைச் சோதிக்கலாம். பசையால் ஒட்டிய சுவரிலோ கேடு முகத்துக்கு வந்த பின்னரே தெரியவரும்.

மெருகிடுமாறு

மெருகு என்பது வேலை முடிந்தபின் முகத்திற் பூசுவதென்றே பலரும் கருதுவர். நாக்கும் தவாளிப்புமுள்ள பலகைகளுக்கு இது பொருந்தாது. சுவரிலே நின்ற பலகையின் முகத்துக்கு மட்டும் நிறமும் மெருகும் ஏற்றினால், பின்னர் அது சுருங்கும்போது நாக்கின் பூசாத பகுதி வெளிறிய கோடாக ஒவ்வொரு பொருத்திலும் தோன்றும். ஆகையால் நாக்குக்கும் விளிம்புக்கும் பொருத்துவதற்கு முன்னரே நிறமும் மெருகும் ஏற்றுதல் வேண்டும். பின்புறத்துக்கும் ஒரு பூச்சு நன்று. ஒருபுறம் மட்டும் பூச்சுற்ற பலகையில் இருபுறமும் ஈரம் ஒரே வேகத்தில் ஏறி இறங்குவதில்லை; அதனால் அது வளையக்கூடும்.

பூச்சுக்கு முன் பலகையை நாரின் வழியே தேய்த்தல் வேண்டும். நாருக்குக் குறுக்கே தேய்த்த கீறல்கள் நிறமேற்றியவுடன் வெளிப்படும். 120 ஆம் இலக்க அரத்தாளிற் தொடங்கி, 180 ஆம் இலக்கத்தினாலும் 220 ஆம் இலக்கத்தினாலும் முடிப்பது வழக்கம். தேய்க்கும்போது முகமூடி அணிதல் இன்றியமையாதது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது எனச் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995 ஆம் ஆண்டில் வகைப்படுத்தியுள்ளது. தச்சுக்கூடங்களில் நாள்தோறும் தூளைச் சுவாசிப்போர் இதனை அறிந்திருத்தல் கடன்.

பூச்சுக்களுள் ஆளிவிதை எண்ணெய் மரத்தினுட் சென்று நிறத்தை ஆழமாக்கும். அரக்குப்பூச்சியிலிருந்து பெறும் அரக்கினை மதுசாரத்திற் கரைத்துப் பூசினால் விரைவில் உலர்ந்து ஒளிவிடும். ஆயின் மதுசாரமும் வெப்பமும் அதனைக் கெடுக்கும். வாணிசு உறுதியான படலமாக நின்று தேய்வைத் தாங்கும். எப்பூச்சாயினும் ஈரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றாகத் தடுக்காது. பூசிவிட்டோம், இனி மரம் அசையாது என எண்ணி இடைவெளியை மூடுவோர் ஏமாற்றமடைவர்.

எண்ணெய்த் துணியின் அபாயம்

ஆளிவிதை எண்ணெய் உலர்வது நீர் ஆவியாவது போன்றதன்று. அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்தே இறுகுகின்றது. அச்சேர்க்கையில் வெப்பம் பிறக்கின்றது. பலகையிற் பரவிய எண்ணெயின் வெப்பம் காற்றிற் கலந்து போய்விடும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்துவிட்டாலோ வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே பெருகும். ஈற்றிலே எவரும் தீ மூட்டாமலே துணி பற்றியெரியும்.

இது கற்பனையன்று. 1991 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 23 ஆந் தேதி இரவு, ஐக்கிய அமெரிக்காவின் பிலதெல்பியா நகரிலே வன் மெரிடியன் பிளாசா என்னும் 38 மாடிக் கட்டடத்தில் தீ மூண்டது. அதன் 22 ஆம் மாடியிலே மரச்சுவரைப் புதுக்கும் வேலைக்குப் பயன்பட்ட ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே தாமாகப் பற்றிக்கொண்டன. தீ மாடிக்கு மாடி ஏறி, 18 மணித்தியாலங்களுக்கு மேல் எரிந்தது. 30 ஆம் மாடியிலே தானியங்கி நீர்த்தெளிப்பிகள் இருந்தமையால் அங்கேதான் அது தடைப்பட்டது. தீயணைப்புப் படையினர் மூவர் உயிர் நீத்தனர். கட்டடம் மீண்டும் பயன்படாமலே 1999 ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. சில துணித்துண்டுகளின் விலை அது.

இதனைத் தவிர்ப்பது எளிது. வேலை முடிந்தவுடன் துணிகளை ஒவ்வொன்றாக விரித்து, திறந்த வெளியிலே நன்கு காயவிடுக. அல்லது நீர் நிறைந்த உலோகக் கலத்தில் அமிழ்த்தி மூடிவைக்க. எக்காரணத்தாலும் அவற்றைக் குவியலாகவோ குப்பைக்கூடையிலோ விட்டு இல்லஞ் செல்லற்க. தச்சுப் பயிற்சியளிக்கும் பாடசாலைகளில் உளி பிடிக்கக் கற்பிப்பதற்கு முன்னரே இதனைக் கற்பித்தல் தகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றை நோக்கின், மரச்சுவரின் தரத்தை நிர்ணயிப்பன பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடங்களிலேயே இருப்பது விளங்கும். சுவரின் ஈரம், சலாகையின் நேர்மை, நாக்கிலே சாய்ந்த ஆணி, அடிப்பலகையின் பின்னுள்ள இடைவெளி, பின்புறத்துப் பூச்சு, மாலையில் விரித்த எண்ணெய்த் துணி ஆகிய எதனையும் வந்து பார்ப்போர் காணார். அவற்றுள் ஒன்றைத் தவிர்த்தாலும் முதல்நாளிலே சுவர் அதே அழகோடு தோன்றும். வேறுபாட்டைக் காட்டுவது காலமே.

மரத்தை அடக்கி நிறுத்த முயன்ற பிணிப்பு ஓரிரு பருவத்திலே தோற்கும். அதன் இயல்பை அறிந்து இடம்விட்ட பிணிப்போ நூற்றாண்டுகள் நிற்கும். கைத்தொழிலைக் கல்வியினுந் தாழ்ந்ததாக எண்ணும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஓர் ஆணியை எங்கே அறைவது என்னும் சிறு வினாவுக்குள்ளே தாவரவியலும் பௌதிகமும் இரசாயனமும் கணிதமும் ஒருங்கே அடங்கியிருப்பதை எண்ணிப்பார்க்கும் மாணவன், தச்சனின் பட்டறையையும் ஒரு கல்விக்கூடமாகவே மதிப்பான்.